இடப்பக்கம் இல்லாத சலூன்

சலூன்காரருக்கு 'வம்பு' என்று பட்டப்பெயர். நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் சிரிக்காமல், "காது ரெண்டும் வேணுமா, ஒண்ணு போதுமா?" என்று கேட்கிற ஆள். அதனால், மீசையை முழுக்க எடுக்கச் சொன்ன தலைமை ஆசிரியருக்கு ஒரு பக்கத்தை மட்டும் மழித்துவிட்டு, "முடிஞ்சுது சார்" என்று அவர் துண்டை உதறியபோது, காத்திருந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தலைமை ஆசிரியர் சிரிக்கவில்லை. வம்பும் சிரிக்கவில்லை. எதற்கு இந்தச் சிரிப்பு என்று அவருக்கு விளங்கவே இல்லை.

இரண்டு மாதமாக அவருக்கு விடாத தலைவலி. மாத்திரையை விழுங்கிவிட்டு வேலை பார்த்தார். அன்று மதியம் தட்டின் வலப் பாதியை மட்டும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, ஏன் இவ்வளவு கொஞ்சமாகப் போட்டாய் என்று மனைவியிடம் சண்டைக்குப் போனார். அவள் மீதிச் சோறு வலப்பக்கம் வரும்படி தட்டைச் சுற்றி வைத்தாள்.

"இது எங்கேருந்து வந்துச்சு?" என்றார்.

அவள் கடையைப் பூட்டி, அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

மறுநாள் அங்கேயே வலிப்பு வந்தது. ஸ்கேன் எடுத்து, முதுகிலிருந்து நீர் எடுத்துச் சோதித்த பிறகு டாக்டரம்மா விளக்கினார்: மூளையின் ரத்தக்குழாய்களில் அழற்சி. குழாய்கள் வீங்கி அடைத்ததில் மூளையின் வலப்பக்கம் ஒரு பகுதி செத்துவிட்டது. கண்ணில் கோளாறில்லை, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை மறந்துவிட்டது.

"அப்போ அந்த மீசை... அவர் வேணும்னு பண்ணலையா?" என்று கேட்டாள் மனைவி.

"இல்லம்மா."

அப்போதுதான் அவள் அழுதாள்.

அழற்சிக்குக் கொடுத்த ஸ்டீராய்டு மருந்தில் அவர் முகம் பூசணிக்காயாக ஊதியது. பசி தாங்காமல் பக்கத்துக் கட்டில்காரரின் பிஸ்கட்டையும் காலி செய்தார். கடிகாரம் வரையச் சொன்னால், பன்னிரண்டு எண்களையும் வலப்பக்கமே நெருக்கி எழுதினார். இந்தப் பக்கம் ஏன் காலி என்று டாக்டரம்மா தொட்டுக் காட்டினார்.

"அது லீவு நேரம் டாக்டர்."

ஏழு மாதம் கழித்துக் கடை திறந்தது. வலிப்பு பயத்தால் சவரக்கத்திக்குத் தடை, கத்தரியும் மெஷினும்தான். இடக்கையில் சீப்பு இன்னமும் நழுவுகிறது. மாத்திரை காலையும் மாலையும் உண்டு. ஒரு பக்கம் வெட்டி முடித்ததும் மனைவி வந்து நாற்காலியைச் சுற்றிவிடுவாள். விடுபட்ட பக்கம் அவருடைய வலப்புறம் வந்துவிடும். புதிதாக வந்தவர் யாராவது விழித்தால், "அவதான் டிரைவர், நான் வெறும் கண்டக்டர்" என்பார்.

சில நாள் அவள் பேப்பரில் மூழ்கிவிடுவாள். அப்போது முடிவெட்ட வந்தவரே காலைத் தரையில் ஊன்றி நாற்காலியைத் திருப்பிக்கொள்வார்.