பிடியரிசி அன்னபாக்கியம்

"ஏட்டி எஸ்தரு, கலயத்த எடு. கர்த்தரு காத்துருப்பாரு, என் காலு காத்துருக்காது!"

சனிக்கிழமை காலையில் அன்னபாக்கியம் எந்த வீட்டுக்குள்ளும் சத்தம் கொடுத்துக்கொண்டேதான் நுழைவாள். இடுப்பில் பனையோலைப் பெட்டி. சங்கரன்கோவிலில் வேதக்காரர் வீடுகள் கொஞ்சம்தான். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை வேதக்கோயிலுக்கென்று தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். அதைத் திரட்டி வருவது அவள் பொறுப்பு.

அவளை நல்லவள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது. காணிக்கை அரிசியைக் கையில் அள்ளிக்கொண்டே, "இது அரிசியா, கோழித்தீனியா?" என்பாள். ஜெபத்தில் கண்ணை மூடுவதில்லை. சிரிப்பை அடக்கத் தெரியாது. துக்க வீட்டில்கூடச் சிரித்துப் பேர் வாங்கியவள்.

யுத்தத்தில் நூல் கிடைக்காமல் எஸ்தரின் புருஷன் தங்கப்பழத்தின் தறி நின்றுபோயிற்று. மனிதர் ரோசக்காரர். வேதக்கோயில் உபதேசியார் கொடுத்தனுப்பிய அரிசியை, "எம் பிள்ளையளுக்குப் பிச்சச்சோறு வேண்டாம்" என்று திருப்பி அனுப்பியவர். பிள்ளைகள் பட்டினி கிடந்தன. கொடுக்கிற கை தெரிந்தால் சில கைகள் நீளுவதில்லை.

மற்ற வீடுகளுக்கு அன்னபாக்கியம் உத்தரவு போட்டாள்: "இனிமே ரெண்டு பிடி. ஏன்னு கேக்கப்பிடாது."

யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தெரியாமலும் இல்லை. தங்கப்பழம் வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டாள். அடுப்படியில் உட்கார்ந்து, "தாகமா இருக்கு, தண்ணி தாட்டி" என்பாள். எஸ்தர் தண்ணீர் கொண்டுவருவதற்குள் ஒரு கிணறே வெட்டிவிடலாம். பெட்டியில் இருந்ததில் பாதி அதற்குள் வீட்டு அரிசிப்பானைக்குப் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், கர்த்தர் தனக்குச் செய்த நன்மையைச் சாட்சி சொல்லத் தங்கப்பழம் எழுந்தார்.

"சபையாரே! எலியாவுக்கு அடை சுட்டுக் குடுத்த விதவையோட பானை இப்பம் எங்க வீட்டுல இருக்கு. அள்ள அள்ளக் குறையல!"

அன்னபாக்கியம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"புழுங்கல், பச்சரிசி, செவப்பரிசி, எல்லாங் கலந்து தாராரு கர்த்தரு!"

"அந்த நொய்யச் சொல்லலையே? அது எங்க வீட்டுது" என்று வாத்தியார் வீட்டம்மா அவள் காதில் கிசுகிசுத்தாள்.

"நொய்யும் கெடந்துது! அதுக்கும் ஸ்தோத்திரம்!"

பாயில் இருந்தவர்கள் குலுங்கினார்கள். உபதேசியார் வேதப்புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். ஒரு சிரிப்பு வெளியே சிந்தினால் போதும், அந்தப் பானையில் இனி ஒரு மணி விழாது. மூச்சு முட்டிய அன்னபாக்கியம் துள்ளி எழுந்து, "அல்லேலூயா!" என்று அலறினாள். சபைக்கும் வழி கிடைத்துவிட்டது. கூரை அதிர அல்லேலூயா, கண்ணில் நீர் வழிய அல்லேலூயா. ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று தங்கப்பழம் எல்லோரையும்விட உரக்கக் கத்தினார். கத்திக்கொண்டே, காலடியில் வைத்திருந்த துணி மூட்டையை அவிழ்த்து, காணிக்கைக்கென்று அன்னபாக்கியம் கொண்டுவந்திருந்த பெட்டியில் கொட்டினார்.

"பானைல இருந்தது பூராத்தையும் கொண்டாந்துட்டேன் மதினி. கர்த்தரு திரும்ப நெறப்புவாருல்லா!"

அன்னபாக்கியத்தின் சிரிப்பு அங்கேயே நின்றது.

ஆராதனை முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கப்பழம் வீட்டுப் புறவாசலுக்கு ஓடினாள். என்ன பொய் சொல்வதென்று தெரியவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாகச் சத்தம் கொடுக்காமல் படலைத் திறந்தாள்.

ஆராதனையிலிருந்து எப்போது எழுந்து வந்தாளோ, எஸ்தர் அங்கே நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் வெறும் பானை, உதட்டின் மேல் ஒரு விரல். அடக்கிய சிரிப்பில் பானை குலுங்கிக்கொண்டிருந்தது.