ஈரப் பலகையில் ஒரு விரல்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு ஆக்குவது நானும் என் ஓரகத்தியும். புத்தூருக்கும் நகரிக்கும் நடுவே உள்ள ஊர். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, பிள்ளைகளின் புத்தகத்தில் இப்போது இங்கிலீஷ். ஓரகத்திக்கு வாய் ஓயாது, எனக்கு வாய் திறக்காது. அதனால் எங்கள் அடுப்படியில் சண்டை வந்ததே இல்லை.

நான் படித்ததும் இதே பள்ளிக்கூடம்தான், ஐந்தாவது வரை. அப்போது ஓடு போட்ட கூடம் ஒன்று, வாத்தியார் ஒருத்தர். நகரியிலிருந்து சைக்கிளில் வருவார். ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில் உட்காரும். ஒரு வகுப்புக்குக் கணக்கு எழுதிப் போட்டுவிட்டு இன்னொரு வகுப்பை வாய்ப்பாடு சொல்லச் சொல்வார். நாங்கள் போடுகிற சத்தத்தில் ஓட்டின் மேல் இருக்கிற புறாவெல்லாம் எழுந்து போகும். அந்தச் சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கூட்டத்தோடு சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்காது. தனியாக எழுப்பிக் கேட்டால்தான் தொண்டை அடைத்துக்கொள்ளும். விடை தெரியும். நாக்கின் நுனியில் வந்து நிற்கும். கூடம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்க்கும்போது அது அப்படியே உள்ளே போய்விடும்.

வாத்தியார் அடித்ததில்லை. ஒருநாள் சலித்துப்போய்ச் சொன்னார்: "வாய்தான் வேலை செய்யல, கையாவது செய்யட்டும். நீ போய் பலகைக்கு இலை தேய் மே."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் கரும்பலகை என் பொறுப்பு. பள்ளிக்கூடத்து வேலியில் கோவைக்கொடி படர்ந்திருக்கும். இலையைப் பறித்து, வீட்டு அடுப்பிலிருந்து கொண்டுவந்த கரியோடு கல்லில் வைத்து நசுக்கி, துணியில் தோய்த்துப் பலகை முழுக்கத் தேய்ப்பேன். பச்சை வாசனையும் கரி வாசனையும் சேர்ந்து ஒன்று வரும். அதற்குப் பேர் கிடையாது. திங்கட்கிழமை வரைக்கும் கையில் கறை போகாது. அம்மா, "அந்தக் கையோட சோத்துல தொடாத" என்று தனியாக உருட்டிப் போடுவாள்.

யாருக்கும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். பிள்ளைகள் விளையாடப் போனபிறகு, பலகை ஈரமாக இருக்கும்போதே, அந்த வாரம் வாத்தியார் என்னைக் கேட்டு நான் சொல்லாமல் நின்ற விடைகளை விரலால் அதில் எழுதுவேன். ஈரத்தில் கொஞ்ச நேரம் தெரியும். அது காய்வதற்குள் துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிடுவேன். வாத்தியார் கடைசி வரைக்கும் பார்க்கவில்லை.

ஐந்தாவது முடிந்ததும் அவர் எங்கள் நைனாவிடம் வந்து, "பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா வாயே இல்லியே. நகரி ஹைஸ்கூலுக்கு அனுப்பி இன்னா பண்ணப் போற?" என்றார். நைனா சரி என்று தலையாட்டினார். இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. வாயால் சொன்னால்தான் படிப்பு என்று இருந்த காலம் அது. மறுநாள் களை எடுக்கப் போனேன்.

இதையெல்லாம் நான் மறந்துதான் இருந்தேன். மூன்றாவது வகுப்பில் இப்போது படிக்கிற ஒரு பொண்ணு ஞாபகப்படுத்திவிட்டாள். தட்டை நீட்டிக்கொண்டு நிற்பாள், வேண்டும் என்றும் சொல்லமாட்டாள், போதும் என்றும் சொல்லமாட்டாள். தட்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்தால் போதும் என்று அர்த்தம். எனக்கு அது புரியும். ஓரகத்திக்குப் புரியாது.

"இன்னாடி, முட்ட வோணுமா வாணாவா? வாயில கொழுக்கட்டையா வச்சிகினு கீற?" என்பாள்.

பொண்ணு என் பக்கம் நகர்ந்துவிடுவாள்.

அவள் அம்மா நகரியில் பவர்லூம் வேலைக்குப் போகிறவள். ஒருநாள் காலையில் அடுப்படிக்கு வந்து அழுதாள். "பெரிம்மா, வூட்ல இது வாய் மூடாம பேசுது. இங்க வந்தா ஒரு வார்த்த இல்லியாம். பெரிய சாரு சொல்றாரு, காது கேக்குதோ இல்லியோ, புத்தி இன்னா மாதிரியோ, புத்தூர் சென்டர்லேந்து ஆள் வந்து பாக்கட்டும்னு. அங்க சேத்துட்டா, அப்புறம் எம்பொண்ண எல்லாரும் இன்னானு சொல்லுவாங்க?"

புத்தூர் சென்டர் என்பது காது கேளாத, புத்தி மெதுவான பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித்தருகிற இடம். தேவைப்படுகிற பிள்ளைகளுக்கு நல்ல இடம்தான். எங்கள் ஹெட்மாஸ்டரான பெரிய சாரும் கெட்ட மனசோடு சொல்லவில்லை. ஆனால் இந்தப் பொண்ணு இருக்க வேண்டிய இடம் அது இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பெரிய சார் முன்னால் போய் நிற்க எனக்குக் கால் வரவில்லை. அறுபது தாண்டியும் எனக்கு அதே தொண்டைதான்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்துக்குப் பேனல் வந்தது. சுவர் அகலத்துக்கு ஒரு டிவி, விரலால் தொட்டால் வேலை செய்யும். பழைய பலகையைக் கழற்றி வெளியே வைத்துவிட்டார்கள். அதை ஓரகத்தி இழுத்துவந்து எங்கள் அடுப்புக்குக் காற்று மறைப்பாக நிறுத்திக்கொண்டாள். எனக்கு மனசு என்னவோ போல் இருந்தது. ஆனால் காற்று நின்று அடுப்பு நன்றாக எரிந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாவதுக்கு ஒரு சின்ன வயசு மேடம். திருப்பதியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். தெலுங்குக்காரர், தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார். பேனலில் ஒரு கணக்கு வரும், கீழே நாலு விடை இருக்கும். மேடம் யாரையும் எழுப்பிக் கேட்கமாட்டார். "வரிசையா வாங்க, தொடுங்க, போங்க. தப்பு போனா பர்வாலேது, இன்னொரு தடவ தொடு," என்பார். தப்பு என்றால் யாரும் சிரிக்கக் கூடாது. அது அந்த வகுப்பின் சட்டம்.

நான் அரிசி களைந்துகொண்டே ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அந்தப் பொண்ணின் முறை வந்தது. போனாள், தொட்டாள், பச்சை விளக்கு எரிந்தது, வந்து உட்கார்ந்தாள். அடுத்த நாளும் அப்படியே. பிறகு கடினமான கணக்கிலும் அப்படியே. மேடம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் களைந்த தண்ணீரோடு கொஞ்சம் அரிசியும் போய்விட்டது.

மேடம் போய்ப் பெரிய சாரிடம் சொன்னார். அவர், "குருட்டாம்போக்குல தொட்டிருக்கும் மா. சென்டர் மேடம் தசரா லீவு முடிஞ்சதும் வர்றாங்க. அவங்க எதிர்ல செய்யட்டும், பாக்கலாம்," என்றார்.

தசரா லீவு விடுகிற நாளில் எங்கள் பள்ளிக்கூடத்தில் சரஸ்வதி பூஜை உண்டு. நான் படித்த காலத்திலிருந்தே பலகையின் நாலு மூலையிலும் மஞ்சளும் சந்தனமும் குழைத்துப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் இடுவது வழக்கம். வைத்த பொட்டை யாரும் கையால் துடைக்கக் கூடாது. அதுவாக உதிர வேண்டும். பலகை இல்லாததால் ஓரகத்தி பேனலுக்கே வைத்தாள், கண்ணாடியின் நாலு மூலையிலும், வடை தட்டுகிற மாதிரி கெட்டியாக. மேடம் கூட அதைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்.

லீவு முடிந்து பேனலைப் போட்டால் அதற்குப் பேய் பிடித்தது போல் ஆகிவிட்டது. தானாகவே ஒன்று திறக்கிறது, தானாகவே மூடுகிறது. பிள்ளைகள் தொட்டால் எதுவும் கேட்பதில்லை. மேடம் திருப்பதிக்குப் போன் போட்டார். ரிப்பேர்க்காரர் நாளை வருகிறேன் என்றார். மறுநாளும் நாளை என்றார். பேனல் இல்லாத வகுப்பில் பொண்ணு பழையபடி தலையைக் குனிந்துகொண்டாள். சென்டர் மேடம் வருகிற நாளோ வந்துவிட்டது.

அன்று காலை மேடம் அடுப்படி வாசலில் வந்து நின்றார். முகம் வாடியிருந்தது. "ஆயம்மா, அந்தப் பாத போர்டு குடுக்கறீங்களா?" என்று அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த பலகையைக் காட்டினார். பாத என்றால் தெலுங்கில் பழைய. "பேனல் இல்லன்னா என்ன, போர்டுல வந்து எழுதட்டும். பேசச் சொல்ல மாட்டேன்."

பலகை முழுக்கப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும். சாக்பீஸ் பிடிக்காது. நான் எழுந்து வேலிக்குப் போனேன். கோவைக்கொடி அதே இடத்தில் இருந்தது. கரிக்குப் பஞ்சம் இல்லை. முதலில் சாம்பல் போட்டுக் கழுவினேன். பிறகு இலையையும் கரியையும் நசுக்கி, முழங்காலில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தேன். அந்த வாசனை வந்ததும் கொஞ்ச நேரம் கை ஓடவில்லை. ஓரகத்தி, "யக்கா, சாம்பாரு அடி புடிக்கிது, நீ இங்க பலகைக்கு எண்ண தேச்சிகினு கீற!" என்று கத்தினாள். கத்திவிட்டு அவளே போய்க் கிளறினாள்.

தலையைத் தூக்கிப் பார்த்தால் அந்தப் பொண்ணு பக்கத்தில் நிற்கிறாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. ஈரப் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் துணியை ஓரமாக வைத்துவிட்டேன். அவள் விரலை நீட்டி, மூலையில் ஒரு கணக்கு எழுதி, அதற்கு விடையும் எழுதினாள். சரியான விடை.

துணி பக்கத்திலேயே இருந்தது. நான் எடுக்கவில்லை. காய்ந்து அதுவாக மறைகிறவரைக்கும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சென்டர் மேடம் நடுத்தர வயசுக்காரர், சிரித்த முகம். வகுப்பின் பின்னால் பிள்ளைகளோடு கீழே உட்கார்ந்துகொண்டார். பெரிய சார் வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் பொண்ணின் அம்மா, லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். பலகை நாற்காலி மேல் சாய்ந்திருந்தது. மேடம் கணக்கு எழுதினார். பிள்ளைகள் வரிசையாக வந்து விடை எழுதிவிட்டுப் போனார்கள். ஒருத்தன் தப்பாக எழுதினான். யாரும் சிரிக்கவில்லை, அவனே அழித்து மாற்றினான். பொண்ணு வந்தாள். சாக்பீஸை எடுத்தாள். எழுதினாள், சரி. சென்டர் மேடம் பின்னாலிருந்தே, மெல்லிய குரலில், "அடியில படம் ஒண்ணு போடு பாப்பா," என்றார். பொண்ணு திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு மயிலை வரைந்தாள். அவளுக்குக் காது கேட்கிறது என்று அந்த மயிலே சொல்லிவிட்டது.

வெளியே வந்ததும் சென்டர் மேடம் பெரிய சாரிடம், "இந்தப் பாப்பாவுக்கு நம்ம சென்டர் தேவையில்ல சார். காது நல்லா கேக்குது, புத்தி ஓடுது. வெக்கம், அவ்ளோதான். பேசறப்ப பேசட்டும், அதுவரைக்கும் எழுதட்டும்," என்றார்.

பெரிய சார் பலகையைப் பார்த்தார். "எங்க காலத்துல வாய்ல சொன்னாதான் மார்க்," என்றார். பிறகு, "சரி, எழுதட்டும்," என்றார்.

பொண்ணின் அம்மா அடுப்படிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையில் இருந்த கறை அவள் கையிலும் ஒட்டியது.

அதற்கப்புறம் ஒருநாள் ரிப்பேர்க்காரர் வந்தார். பேனலைத் திறக்கக்கூட இல்லை. ஓரத்தில் இருந்த பொட்டை நகத்தால் சுரண்டி எடுத்தார், நாலையும். "மேடம், இதுக்குக் கண்ணாடி ஓரத்துல கண்ணு இருக்கு. இந்தப் பொட்ட வெரல்னு நெனச்சிகினு இருந்திருக்கு. நாலு வெரல் எப்பவும் தொட்டுகினே இருந்தா அது இன்னா பண்ணும்? பூஜ போட்டது யாரு?"

ஓரகத்தி அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். "சாமி பொட்டச் சொரண்டிட்டு, கேள்வி வேற கேக்குறான் பாரு," என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். அன்று முழுக்க அவள் அதற்குமேல் பேசவில்லை. அது அவளுக்குப் பெரிய விஷயம்.

பேனல் இப்போது ஓடுகிறது. ஆனாலும் மேடம் பலகையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இரண்டும் இருக்கட்டும் என்று வகுப்பிலேயே பக்கச் சுவரில் மாட்டிவிட்டார். பேனலில் நாலு விடையில் ஒன்றைத்தான் தொட முடியும், பலகையில் மயில் கூட வரும் என்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் இலை தேய்க்கப் போகிறேன். பொண்ணு கரியைக் கொண்டுவந்து வைப்பாள். நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

காற்று மறைப்பு போனதில் புகையெல்லாம் என் முகத்துக்கே வருகிறது. ஓரகத்தி தினமும் திட்டுகிறாள்: "ஒரு தகரமாவது கேட்டு வாங்கு யக்கா, வாயத் தொறந்து கேளேன்!"

கேட்க வேண்டும். நாளைக்குக் கேட்கிறேன் என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பை ஊதுகிறேன்.