குக்கர் விசில் வரும் இடம்

என் தம்பி இருப்பது வண்டலூரில். நான் இருப்பது கிழக்குத் தாம்பரத்தில், தண்டவாளத்தை ஒட்டிய தெருவில். நடுவில் பெருங்களத்தூர் என்று ஒரே ஒரு ஸ்டேஷன். அம்மா போனதிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. ஆனால் சாயங்காலம் ஏழு மணியானால் என்னை அக்கா என்று கூப்பிடுகிறான், சாப்பிட்டீங்களா என்று விசாரிக்கிறான். அது நான்தான் என்று அவனுக்குத் தெரியாது.

எல்லாம் போனில் ஆடுகிற ஒரு பாட்டு விளையாட்டால் வந்தது. மூன்று பேர் ஒரு குழு. ஒரு சினிமாப் பாட்டின் முன்னிசை சில விநாடி ஓடும். மூவரும் சாட்டில் எழுதிக் கலந்து பேசி, எதிர்க் குழுவுக்கு முன்னால் ஒரே ஒரு பதிலை அனுப்ப வேண்டும். பதில் சரியென்றால் பாட்டு இன்னும் கொஞ்ச நேரம் ஓடும், அதுதான் பரிசு. சொந்தப் பெயரை யாரும் போடுவதில்லை. நான் சேர்ந்த அன்று அடுப்பில் கொண்டைக்கடலை வெந்துகொண்டிருந்ததால் நான் 'சுண்டல்'. ஷார்ஜாவில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண் 'மழைக்கோட்டு'. அந்த ஊரில் மழைக்கோட்டு எதற்கு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்றாவது ஆள் 'கடைசி பெஞ்ச்'.

டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கல்யாணமும் செய்துகொள்ளாமல், அம்மாவையும் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறவளுக்குச் சாயங்காலம் ஒரு பெரிய தொல்லை. டிவி சீரியலில் அழுகிறவளைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். அதனால்தான் இந்தக் கர்மத்தில் போய் விழுந்தேன். பாட்டு விஷயத்தில் என்னை அசைக்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வயலின் இழுப்பிலேயே சொல்லிவிடுவேன்.

ஒரு நாள் ஒரு பழைய பாட்டு வந்தது. என்ன பாட்டு என்று சொல்ல மாட்டேன், அது எங்கள் வீட்டுப் பாட்டு. நான்தான் பதில் சொன்னேன். பரிசாகப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, புல்லாங்குழல் முடிந்து வயலின்கள் தொடங்குகிற இடத்துக்கு முன்னால், கடைசி பெஞ்ச் எழுதினான்: "இப்ப விசில் வரும் பாருங்க."

"என்ன விசில்?" என்றாள் மழைக்கோட்டு.

"குக்கர் விசில். எங்க வீட்டு கேசட்ல வரும். இப்பவும் இந்தப் பாட்ட எங்க கேட்டாலும் விசில் வரலன்னா எனக்கு ஒரு மாதிரி இருக்கும்."

கடைசி பெஞ்ச் என் தம்பிதான். உலகத்தில் அந்த விசில் இருந்தது ஒரே ஒரு கேசட்டில்தான். அப்போது சிட்லபாக்கத்தில் ஏரிப் பக்கம் எங்கள் வீடு. வெள்ளிக்கிழமை டிவியில் பாட்டுப் போடும்போது டேப் ரெக்கார்டரை டிவிக்கு முன்னால் முக்காலியில் வைத்து, தம்பி இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்துவான். அப்புறம் வீட்டில் யாரும் தும்மக்கூடக் கூடாது. அன்றைக்கு அம்மா குக்கரை இறக்க மறந்துவிட்டாள். பாட்டுக்கு நடுவில் விசில். சமையலறையிலிருந்து "போச்சா?" என்று அம்மாவின் குரல். அதைக் கேட்டு அடக்க மாட்டாமல் நான் சிரித்த சிரிப்பு. மூன்றும் பதிவாகிவிட்டன. தம்பி அழுதான், காலை உதைத்துக்கொண்டு அழுதான். பிறகு அந்த கேசட்டைத்தான் நாடா தேயுமட்டும் போட்டுக் கேட்டோம். யார் வீட்டுக் கல்யாணக் கச்சேரியில் அந்தப் பாட்டைப் பாடினாலும், அந்த இடம் வரும்போது அவன் எங்கிருந்தாலும் என்னைத் தேடிப் பிடித்து, வாயைக் குவித்து விசிலடிப்பான்.

அவனேதான் அம்மாவுக்குச் சர்ச்சில் முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்தவர்கள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும்போது, அத்தனை பேர் நடுவில் கேட்டான்: "ஏன் லேட் பண்ணே? ரெண்டு மணி நேரம் முன்னாடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா அம்மா இருந்திருப்பாங்கல்ல?"

அம்மா போன அன்று விடியற்காலை நெஞ்செரிச்சல் என்றாள். வாயு என்று அவளேதான் சொன்னாள். ஓமத் தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். எழுப்பி உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். நன்றாக விடிந்த பிறகு வியர்த்தது, ஆம்புலன்சுக்குச் சொன்னேன். அந்த வண்டி ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் அலறிக்கொண்டு நின்றது. இதில் நான் எந்த நிமிஷத்தைத் தாமதம் செய்தேன்? வருஷக்கணக்காகக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் நான். கிறிஸ்துமஸுக்குக் கேக் டப்பாவோடு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறவன் என்னிடம் கணக்குக் கேட்கிறான்.

"நீ எங்கடா இருந்தே?" என்று நானும் கேட்டேன். அவன் இலையை மூடிவிட்டு எழுந்து போனான். அதோடு சரி. கல்லறைத் திருநாளன்று இருட்டோடு வந்து அம்மாவுக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துவிட்டு, நான் வருவதற்குள் ஓடிவிடுகிறான். நான் போகும்போது மெழுகு பாதி உருகியிருக்கும். எனக்கு வயிறு எரியும்.

முப்பதாம் நாள் அன்றைக்கு அவன், "விடுக்கா, நீ என்ன பண்ணுவே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்கு வேறெதுவும் வேண்டியதில்லை.

இப்படிப்பட்டவன் சாட்டில் எவ்வளவு தங்கமாக இருந்தான் தெரியுமா? மழைக்கோட்டுக்கு நைட் டியூட்டி என்றால், பார்த்துப் போம்மா என்பான். எனக்கு ஜலதோஷம் என்று எழுதியதற்கு, "மிளகு ரசம் வெச்சிக் குடிங்க சுண்டல் அக்கா" என்றான். அந்த ரசம் அம்மா வைக்கிற ரசம். எந்த ஊர் என்று கேட்டபோது கோயம்புத்தூர் என்று புளுகினேன். உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷமே ஓடிவிடுவான், அவனை எனக்குத் தெரியாதா.

கிண்டியில் ஆபீஸ், ஏழு மணிக்கு ரயிலில் இருப்பான். "தாம்பரம் வந்துடுச்சு, கூட்டம் ஏறுது, ஒரு நிமிஷம்" என்று எழுதுவான். அந்த ரயிலின் ஹாரன் என் சமையலறைக்குக் கேட்கும். ஜன்னலைத் திறந்தால் பெட்டிகளின் விளக்கு வெளிச்சம் ஓடும். அதில் எதிலோ நின்றுகொண்டு அவன் சுண்டல் அக்காவுக்கு எழுதிக்கொண்டிருப்பான்.

எனக்குள் ஒரு நப்பாசை. விசிலைப் பற்றிச் சொன்னவன், ஒரு நாள் என்னைப் பற்றியும் சொல்வான். திட்டியே சொல்லட்டும். எனக்கு ஒரு அக்கா இருக்கா, ராட்சசி என்று எழுதினாலும் போதும். அன்றைக்கே அவன் நம்பரை அழுத்திவிடுவது என்று வைத்திருந்தேன்.

போன வாரம் அந்தப் பாட்டு மறுபடி வந்தது. மழைக்கோட்டு விசிலடிக்கிற பொம்மைப் படம் போட்டாள். அவனுக்கு உற்சாகம் வந்து கேசட் கதையை முழுசாகச் சொன்னான். விசில், அம்மா குரல், அதுக்கப்புறம் ஒரு பொண்ணு சிரிக்கும் என்றான்.

"யாரு சிரிச்சது?" என்று கேட்டாள் மழைக்கோட்டு.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதுகிறான் என்று மூன்று புள்ளி வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு. டிவி பாக்க வரும்."

என் சிரிப்பைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டான். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை, நானே கேட்டேன்: "உங்களுக்கு அக்கா தங்கச்சி யாரும் இல்லையா?"

"இல்லக்கா" என்று பதில் வந்தது.

அடுத்த பாட்டு தொடங்கியது. எனக்குத் தெரிந்த பாட்டு, தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். விரல் எழுந்திருக்கவில்லை. சுண்டல் அக்கா, இது உங்க ஏரியா, சீக்கிரம் என்று மழைக்கோட்டு எழுதிக்கொண்டே இருந்தாள். நான் பாதி எழுதுவதற்குள் எதிர்க் குழு பதிலை அனுப்பிவிட்டது. அந்த ஆட்டமே போனது.

"அய்யோ, ரெண்டு செகண்ட் முன்னாடி சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்போம்" என்றாள் அவள்.

"என்னாலதான் போச்சு. லேட் பண்ணிட்டேன்" என்று எழுதினேன்.

ரயில் தாம்பரத்தை விட்டுக் கிளம்புகிற சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் ஓடியது. போனில் அவன் எழுதியது வந்து விழுந்தது:

"விடுங்கக்கா, நீங்க என்ன பண்ணுவீங்க."