வெட்டு நாள்

ராயபுரம் பனைமரத்தொட்டியில் குடியிருந்த வியாகுலம்மாள் தர்ம ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் ஆயா வேலை பார்த்தாள். ஆனால் ஆஸ்பத்திரிப் புத்தகத்தைப் புரட்டினால், அவள் ஒரு தடவைகூட மூன்று மாதத்துக்கு மேல் அங்கே வேலையில் இருந்ததில்லை. இதென்ன கூத்து என்று கேட்கத் தோன்றும். அதற்கு முதலில் வெட்டு நாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஊர்ப் பெரிய மனிதர்கள் சேர்ந்து டிரஸ்ட் வைத்து நடத்திய ஆஸ்பத்திரி அது. இப்போது இல்லை, இடித்துவிட்டுக் கிடங்கு கட்டியிருக்கிறார்கள். தர்மம் என்பதெல்லாம் வாசல் பலகையோடு சரி. ஆயாக்களை நிரந்தரம் பண்ணாமல் காலத்தை ஓட்டுவதற்கு அதன் காரியதரிசி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். எண்பத்தொன்பது நாள் வேலை. தொண்ணூறாம் நாள் ஆஜர் புத்தகத்தில் ஆயாவின் பேரை வெட்டிவிடுவார்கள். மறுநாள் புதிதாகச் சேர்ந்தவள் மாதிரி அதே பேரை மறுபடி எழுதுவார்கள். பேர் இல்லாத அந்த ஒரு நாளைத்தான் ஆயாக்கள் வெட்டு நாள் என்றார்கள்.

அன்றைக்கு வீட்டில் இருக்க வேண்டும், கூலி கிடையாது. ஆனால் யாரும் வீட்டில் இருக்கவில்லை. பூமாரி என்ற ஒரு ஆயா, வெட்டு நாள்தானே என்று தங்கையின் வளைகாப்புக்குப் போய்விட்டு மறுநாள் வந்தாள். அவள் இடத்தில் வேறொருத்தி நின்று வார்டு கழுவிக்கொண்டிருந்தாள். அதோடு எல்லோருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. வெட்டு நாளிலும் விடியற்காலையில் வந்து, மலச்சட்டி எடுத்து, ரத்தத் துணி அலசி, சாயங்காலம் வெறுங்கையோடு வீடு போனார்கள். வரச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. வர வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. அது எவ்வளவு சௌகரியம் பாருங்கள்.

வியாகுலத்தின் புருஷன் லியோனார்ட் துறைமுகத்தில் கப்பலின் அடித்தளத்தில் விழுந்து செத்தபோது மகளுக்கு நாலு வயது. அடுத்த வருஷம், நாற்பத்தாறில், அவள் ஆயாவாகச் சேர்ந்தாள். பிரசவ வார்டில் அவள் வாய் பிரசித்தம். வலியில் கத்துகிற பெண்ணிடம், "இன்னாடி கச்சேரி பண்ணிகினு கீறே? முக்கு! பாட்டு அப்புறம் பாடலாம்" என்று அதட்டுவாள். அதட்டிக்கொண்டே அவள் முதுகைத் தேய்த்துவிடுவாள். குழந்தை வெளியே வந்ததும் அதற்கும் இரண்டு திட்டு விழும். அவள் கையில் பிறந்த பிள்ளைகள் காசிமேட்டிலும் கொருக்குப்பேட்டையிலும் எத்தனையோ பேர் திரிந்தார்கள்.

ஐம்பத்திரண்டு தை மாதம் ஆஸ்பத்திரிப் பலகையில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். வருமானம் குறைந்துவிட்டதாம், தற்காலிக ஆயாக்கள் பதினாலு பேரையும் நிறுத்தப் போகிறார்களாம். வியாகுலமும் அதில் ஒருத்தி. ஆஸ்பத்திரித் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் மஜீது லேபர் ஆபீசரிடம் மனுக் கொடுத்தார். மஜீது புண்ணுக்குக் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸர், நிரந்தர வேலைக்காரர். பேசாமல் இருந்திருந்தால் அவருக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

விசாரணையில் காரியதரிசி ஆஜர் புத்தகத்தை விரித்து வைத்தார். "இவர்கள் எல்லோரும் புதிதாகச் சேர்ந்தவர்கள். மூன்று மாதம் தாண்டிய ஒருத்தியைக் காட்டட்டும்" என்றார். வெட்டு நாளிலும் இவர்கள் வேலை பார்த்தார்கள் என்று மஜீது எவ்வளவோ சொன்னார். "எழுத்தில் ஏதாவது உண்டா? இருந்தால் பதினைந்து நாளில் கொண்டு வாருங்கள்" என்றார் ஆபீசர்.

பழைய புத்தகங்களை எல்லாம் கட்டுத்துணி வைக்கிற அறையில்தான் மூட்டை கட்டிப் போட்டிருந்தார்கள். துணி எடுக்கப் போகிற சாக்கில் மஜீது ஒன்பது நாள் அவற்றைப் புரட்டினார். பத்தாம் நாள் மத்தியானம், பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த வியாகுலத்திடம் வந்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"வியாகுலம், கெடச்சிரிச்சு! அம்பதாம் வருசம், ஆகஸ்ட் பதினொண்ணு. அன்னிக்கி உன் வெட்டு நாளு. ஜஹானாரான்னு ஒரு பொண்ணுக்குப் பிரசவம். பிரசவப் புத்தகத்துல கொயந்தய ஏந்துனது யாருன்ற எடத்துல உன் பேரு எழுதிகீது. தங்கபுஷ்பம் நர்ஸு கையெழுத்து. இது ஒண்ணு போதும்மா, பதினாலு பேரு வேலையும் நிக்கும்."

அவள் கையிலிருந்த ஈரத்துணி அப்படியே மண்ணில் விழுந்தது.

"அது வாணாம் பாய். வேற எதுனா தேடு."

"வேற இல்ல. எல்லாத்தையும் பாத்துட்டேன். ஏன், இன்னா ஆச்சு? கொயந்த செத்தே பொறந்துச்சுன்னு எழுதிகீது. அதுக்கு நீ இன்னா பண்ணுவே?"

அவள் மஜீதின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "செத்துப் பொறக்கல பாய்."

அன்றைக்கு லேடி டாக்டர் பதினோரு மணிக்கே போய்விட்டாள். வார்டில் இருந்த ஒரே நர்ஸ் தங்கபுஷ்பத்தை, மாமியாருக்கு ஊசி போட வேண்டும் என்று காரியதரிசி தம் யானைக்கவுனி வீட்டுக்குக் காரில் அழைத்துக்கொண்டு போயிருந்தார். தலைச்சன் பிள்ளைக்கு வலியெடுத்து வந்த ஜஹானாராவிடம் வியாகுலம் மட்டும்தான் இருந்தாள். நர்ஸ் எங்கே என்று அந்தப் பெண் கதறும்போதெல்லாம், இதோ வராங்க, இதோ வந்துட்டாங்க என்று பொய் சொன்னாள். குழந்தை கழுத்தில் தொப்புள்கொடி இரண்டு சுற்று சுற்றியிருந்தது. நர்ஸ் செய்து முன்பு பார்த்திருந்ததை எல்லாம் அவளும் செய்தாள். ஆண் பிள்ளை. வெளியே வந்து ஒரு குரல் அழுதான். பிறகு நீலம் பாய்ந்து அடங்கிப்போனான். பிரசவ மயக்கத்தில் கிடந்த தாய்க்கு அந்தக் குரல் கேட்கவில்லை. வியாகுலம் வாயோடு வாய் வைத்து ஊதினாள், தட்டினாள், மாதாவைக் கூப்பிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை.

நாலு மணிக்குத்தான் நர்ஸும் காரியதரிசியும் வந்தார்கள். தான் இல்லாத பிரசவத்துக்குத் தன் பேரை எழுத மாட்டேன் என்று தங்கபுஷ்பம் ஒரேயடியாக நின்றாள். புத்தகத்தில் வியாகுலத்தின் பேர் ஏறியது அப்படித்தான். அன்றைக்கு அவள் வெட்டு நாள் என்பது அந்த அவசரத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. காரியதரிசி கவலைப்பட்டதெல்லாம் வேறு. "செத்துப் பிறந்தது என்று எழுது. உயிரோடு பிறந்தது என்றால் ஆயிரம் கேள்வி வரும்" என்றார். துணியில் சுற்றிய பிள்ளையை வெளியே கொண்டுபோய்த் தகப்பன் கையில் கொடுத்தவள் வியாகுலம். செத்துப் பிறந்தது என்று அவனிடம் சொன்னவளும் அவள்தான். சொல்லாவிட்டால் மறுநாள் பேர் எழுத மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மஜீது கேட்டுவிட்டுத் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தார். முஸ்லிம்கள் வழக்கத்தில், உயிரில்லாமல் பிறந்த பிள்ளையைத் துணியில் சுற்றி அடக்கிவிடுவார்கள். ஒரே ஒரு குரல் அழுது அடங்கியிருந்தாலும் போதும், பேர் வைத்து, குளிப்பாட்டி, ஜனாஸா என்ற இறுதித் தொழுகை வைத்து ஒரு மனுஷனாகவே வழியனுப்புவார்கள்.

"எங்க ஜனங்க நடுவுலதான நீ வளந்தே? இது உனக்குத் தெரியாதா?"

"தெரியும் பாய். தெரிஞ்சிகினுதான் ரெண்டு வருசமா வாய மூடிகினு கீறேன்."

மஜீது ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். "தோ பாரு. நீ சாட்சி சொன்னா பேரு வெட்டுன நாள்ல பிரசவம் பாத்தேன்னு உன்ன மொதல்ல தூக்குவானுங்க. போலீஸு கேஸுன்னுகூட மெரட்டுவானுங்க. சங்கம் கூட நிக்கும், ஆனா உன் வேலைய காப்பாத்திருவேன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. நீ சொல்லலேன்னா பதினாலு பேருக்கும் போவும். இத சொல்லுன்னு நான் சொல்ல மாட்டேன். யாராண்டயும் இதப் பத்திப் பேசவும் மாட்டேன்."

சங்கத்துக்காரர்கள் என்றால் கொடி பிடிப்பவர்கள், கூச்சல் போடுபவர்கள் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கையில் கிடைத்த ஒரே சாட்சியத்தை ஒரு ஆயாவின் சம்மதத்துக்காகக் கீழே வைத்துவிட்டுப் போன மனுஷர் இவர். அவருக்கும் அந்த வாரம் தூக்கம் இருந்திருக்காது.

மூன்றாம் நாள் வியாகுலம் சங்க அறைக்கு வந்தாள். "சொல்றேன் பாய்" என்றாள்.

"அப்போ முன்னாடி அந்தப் பொண்ணாண்ட போயி சொல்லணும். லேபர் ஆபீஸ்லேர்ந்து யாரோ சொல்லி அதுங்க காதுல வுயக் கூடாது. அதுங்க சண்டைக்கு வந்தாலும் சரி, கேஸே கெட்டாலும் சரி. நானும் வரேன்."

கொருக்குப்பேட்டையில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய சந்தில் இருந்தது ஜஹானாராவின் வீடு. புருஷன் உசேன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கப் போயிருந்தான். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வியாகுலம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், நர்ஸ் வருகிறாள் என்று சொன்ன பொய் உட்பட. ஜஹானாரா ஒரு கேள்வி கேட்கவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள், எழுந்தாள், கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. இருவரும் வெயிலில் திரும்பி நடந்தார்கள். வழியெல்லாம் வியாகுலம் அழுதுகொண்டே வந்தாள், மஜீது தடுக்கவில்லை.

விசாரணையன்று பிரசவப் புத்தகத்தையும் ஆஜர் புத்தகத்தையும் மஜீது பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே தேதி. ஒன்றில் வெட்டிய பேர் இன்னொன்றில் இருந்தது. வியாகுலம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். காரியதரிசி எழுந்து நின்று கத்தினார்: "வேலையிலேயே இல்லாத ஒருத்தி உள்ளே புகுந்து பிரசவம் பார்த்துக் குழந்தையைக் கொன்றிருக்கிறாள். அதை இவளே ஒப்புக்கொள்கிறாள். இவளுக்காகவா சங்கம் வந்திருக்கிறது?"

மஜீது நாற்காலியை விட்டு எழுந்துவந்து வியாகுலத்தின் பக்கத்தில் நின்றுகொண்டார். "இவளுக்காகத்தான் வந்திருக்கோம் ஐயா" என்றார். "அன்னிக்கி நர்ஸு எங்க இருந்தாங்கன்னு அவரையே கேளுங்க."

"உங்க வூட்டு கார்லதான ஐயா போனாங்க" என்றாள் வியாகுலம். அவளுக்கு அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்ததோ.

அதெல்லாம் கட்டுக்கதை என்று காரியதரிசி சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசலில் புர்கா அணிந்த ஒரு பெண் வந்து நின்றாள், கூடவே உசேன். யாரும் அவர்களை அழைக்கவில்லை. "நான்தான் அந்தக் கொயந்தயோட அம்மா" என்றாள் அவள். "இந்த ஆயா ஒண்ணுதான் இருந்துச்சு. நான் கத்துனேன். நர்ஸும் வரல, டாக்டரும் வரல." அவ்வளவுதான் சொன்னாள். வியாகுலத்தின் பக்கம் திரும்பிப் பார்க்காமலே போய்விட்டாள்.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. வெட்டு நாள் செல்லாது, ஆயாக்களை நிறுத்தக் கூடாது. பதிமூன்று பேர் வேலையில் நிலைத்தார்கள். ஒழுங்கீனம் என்று தனியாக ஒரு காகிதம் கொடுத்து வியாகுலத்தை மட்டும் அன்றைக்கே வெளியே அனுப்பினார்கள். அவளுக்காக ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்யலாமா என்று மஜீது கூட்டத்தில் கேட்டார். அந்தப் பதிமூன்று பேரில் கை தூக்கியவர்கள் நாலு பேர். எனக்கு இதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. மஜீது மட்டும் அவர்கள்மேல் கோபப்படவில்லை. "பயந்துகினு கீறவங்கள திட்டி இன்னா ஆவப் போவுது" என்றுவிட்டு, தானே மனு எழுத உட்கார்ந்தார். இரண்டு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக அவளோடு ஏறி இறங்கினார். அதற்காக அவரை டிரெஸ்ஸர் வேலையிலிருந்து எடுத்துப் பிண அறைக்குப் போட்டார்கள். அந்த மனு கடைசியில் தோற்றது, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வியாகுலம் காசிமேட்டில் கருவாடு காயப்போடுகிற வேலைக்குப் போனாள். வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்து மஜீது அங்கே வந்து, மனு எந்த மேஜையில் கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். சொல்ல ஒன்றும் இல்லாத வாரமும் வருவார். சங்கம் அவளுக்குக் கொடுக்க முடிந்தது அதுதான். அந்த வருகைக்காகத்தான் வெள்ளிக்கிழமை வரை தாங்குகிறேன் என்று அவள் மகளிடம் சொல்லியிருக்கிறாள்.

வேலை போய் இரண்டு மாதம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மஜீதோடு ஜஹானாராவும் வந்தாள். மஜீது கொஞ்சம் தள்ளி, படகு ஓரமாக நின்றுகொண்டார். வியாகுலம் உப்பும் செதிலும் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஆயா, அன்னிக்கி கேக்க வாய் வரல" என்றாள் ஜஹானாரா. "சத்தமா அழுதானா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று வியாகுலத்துக்கு ஒரு கணம் தோன்றியது. "இல்லம்மா. சன்னமாத்தான்" என்றாள்.

"கண்ணு தொறந்தானா?"

"தொறந்தான்."

"யாரப் பாத்தான்?"

"என்னத்தான் பாத்தான்."

ஜஹானாரா மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு சொன்னாள்: "பேரு வெச்சிட்டோம். கபர்ஸ்தான்ல அவன பொதச்ச எடத்துக்குப் போயி தொழுகையும் வெச்சாரு எங்க வூட்டுக்காரரு. சௌக்கத் அலி. உசுரோட அவன பாத்தவ நீ ஒருத்திதான் ஆயா. நீ ஒரு தபா அவன பேரு சொல்லிக் கூப்புடு."

பிரசவ வார்டையே அதட்டிக்கொண்டிருந்தவள் வியாகுலம். இரண்டு தடவை தொடங்கி இரண்டு தடவையும் உடைந்துபோனாள். மூன்றாம் தடவை, "சௌக்கத் அலி" என்று கூப்பிட்டுவிட்டு, அந்தத் தாயின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள்.