கைப்பிடி உடைந்த கோப்பை

களியக்காவிளையில் வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பம் எழுதித் தருகிற ஒருவரிடம் என் மகளைக் கூட்டிப்போனேன். தேய்த்த வெள்ளைச் சட்டை, கழுத்தெல்லாம் பவுடர். பேசும்போதெல்லாம் மேசைமேல் இருந்த, கைப்பிடி உடைந்த நீச்சல் போட்டிக் கோப்பையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார். சுவரில் அவர் அனுப்பிவைத்த பிள்ளைகளின் படங்கள். எல்லார் கையிலும் அதே கோப்பை, அதே உடைந்த கைப்பிடி.

“மக்களே, படிப்பு தவிர வேற என்ன செய்திருக்க?” என்று மகளிடம் கேட்டார்.

“முட்டத்துல கடல்ல முங்கின ஒரு சின்னப் பிள்ளைய நீந்திப்போய் இழுத்துட்டு வந்தேன்.”

“சர்ட்டிபிகேட் உண்டா?”

“இல்ல.”

“அப்போ அது வேண்டாம். இந்தக் கப்பப் பிடி, ஒரு போட்டோ எடுப்போம்.”

மகள் எழுந்துவிட்டாள். வாசல்வரை வந்தவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “அந்தப் பிள்ள பொழச்சுதா?”

“பொழச்சுது.”

அவர் கண் கலங்கியது பொய்யில்லை. ஆனாலும், அந்தக் குழந்தை இப்போது யாருடைய விண்ணப்பத்தில், எந்தப் பொய்ச் சர்ட்டிபிகேட்டோடு கரையேறிக்கொண்டிருக்கிறதோ!