குளிர்காற்று மேசை

சுரபாயாவில் ஒரு கம்ப்யூட்டர் சந்தை. அதன் இரண்டாம் மாடியில் கோ லியோங் என்பவரின் லேப்டாப் கடை. அங்கே சர்வோனோவுக்கு ஒரே வேலைதான். வாங்க வந்தவர் இரண்டு லேப்டாப்புக்கு நடுவே தயங்கி நின்றால், இரண்டையும் பக்கத்துப் பக்கத்து மேசையில் வைத்து ஒரே படத்தை ஓட்டிக் காட்ட வேண்டும். எந்த கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்கு எத்தனை படம் தள்ளுகிறது என்று திரை மூலையில் ஓர் எண் ஓடும். எண் கூட இருந்தால் கார்டு நல்லது. அவ்வளவுதான் கணக்கு.

முன்னே மினிபஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் அவர். படிப்பு ஆரம்பப் பள்ளியோடு சரி. ஆனாலும் ஏழு வருஷப் பழக்கத்தில், லேப்டாப்பின் அடியில் கையை வைத்தாலே அது இன்னும் எத்தனை நிமிஷம் தாங்கும் என்று சொல்லிவிடுவார். ஐந்து வேளைத் தொழுகை தவறாதவர். "பாக் சர்வோனோ சொன்னா பொய் இருக்காது" என்று, ஐயா என்னும் பொருளில் பாக் சேர்த்தே, பக்கத்துக் கடைக்காரர்களும் சொல்வார்கள். அந்தப் பேர்தான் பிற்பாடு அவரை முள்ளாய்க் குத்தியது.

இடது மேசைக்கு நேர் மேலே ஏசியின் வாய். வலது மேசை தூணுக்குப் பின்னால், காற்றே எட்டாது. முதலாளி எதை விற்க நினைக்கிறாரோ அது இடது மேசைக்குப் போகும். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த மாடியில் எல்லாக் கடையிலும் இப்படி ஒரு குளிர்காற்று மேசை உண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை குஸ்தினி என்ற இபு, அதாவது அம்மா, வந்தார். அவர் கணவர் தர்மாஜி, சிடோஅர்ஜோ பக்கம் பட்டறை போட்டுப் பள்ளிவாசல்களுக்குக் கும்மட்டம் செய்கிறவர். அதற்குப் படம் வரைகிறவர் இந்த அம்மா.

"பள்ளிவாசல் கமிட்டிக்காரங்க முன்னாடி கும்மட்டத்தைச் சுத்திச் சுத்திக் காட்டணும் பாக். நடுவுல நின்னு மானத்தை வாங்கக் கூடாது."

மெல்லிசான லேப்டாப்பில் புதுக் கார்டு. தடிமனானதில் ஒரு தலைமுறை பழைய கார்டு. மெல்லிசு இடது மேசைக்குப் போனது. மூன்று நிமிஷம் ஓடியது. மெல்லிசில் தொண்ணூற்று இரண்டு, தடிமனில் எண்பத்து நாலு.

சர்வோனோவுக்குத் தெரியும். மெல்லிசு உடம்புக்குள் சூடு போக வழியில்லை. பத்தாவது நிமிஷத்தில் அந்தப் புதுக் கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். பழைய கார்டு அப்படியே நிற்கும். பத்து நிமிஷம் ஓடவிட்டிருந்தால் அந்த அம்மாவே கண்ணால் பார்த்திருப்பார். அந்த நேரம் பார்த்து, கீழ்த்தளத்துத் தொழுகை அறையிலிருந்து பாங்குச் சத்தம் வந்தது.

"பாங்கு சொல்லிட்டாங்க இபு. இவ்வளவு போதும்" என்று நிறுத்திவிட்டார்.

"தொழுகையை விடாத மனுஷர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று குஸ்தினி மெல்லிசையே வாங்கிக்கொண்டு போனார்.

மூன்று வாரம் கழித்து அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பொட்டலம் பொரித்த வாழைப்பழம்.

"தூசி தட்டிக் குடுங்க பாக். கமிட்டி வந்து உக்காந்தாங்க, கும்மட்டம் பாதி சுத்தி நின்னுடுச்சு. டீ குடிச்சுட்டுப் போயிட்டாங்க. எல்லாம் எங்க வீட்டு மனுஷன் ராவுற இரும்புத்தூள்தான். இந்த அழகுல லேப்டாப் ஒரு மாசத்துல செத்துடும்னு, ராவுற மெஷினோட அவரை வெளியில தள்ளிட்டேன்."

சர்வோனோ அடிமூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு பொட்டுத் தூசி இல்லை. விசிறி புதுசாய்ப் பளபளத்தது. சொல்லிவிட அதுதான் நேரம். ஆனால் சும்மாவே தூரிகையால் நாலு தட்டுத் தட்டி மூடிக் கொடுத்தார். பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டார். அதில் ஒரு துண்டுகூட எடுக்காமல் பக்கத்துக் கடைப் பையன்களிடம் கொடுத்துவிட்டார். தொழுகையில் நின்றாலோ, "இவ்வளவு போதும்" என்று அன்று சொன்ன தன் குரலே காதில் விழுந்தது. ஆண்டவனைக் காரணம் காட்டி அல்லவா நிறுத்தினோம் என்று குமைந்து போனார்.

நாலாம் நாள் முதலாளியிடம் சொன்னார்.

"நீ பொய் சொன்னியா? எண்ணு திரையில ஓடுச்சு. அந்தம்மா கண்ணால பார்த்தாங்க" என்றார் கோ லியோங்.

"மூணு நிமிஷம்தான் பார்த்தாங்க கோ. மிச்சத்தை நான் பார்க்க விடல."

முதலாளி பேனாவைக் கீழே வைத்தார். "உன் மூஞ்சியைப் பார்த்தா வர்ற ஆளும் ஓடிடுவான். அந்தத் தடியன் லேப்டாப்பை எடுத்துட்டுப் போ, மாத்திக் குடு. திரும்பி வர்றதுல கீறல் இருந்துச்சுன்னா, உன் தலையிலதான்."

ஞாயிற்றுக்கிழமை தடியனை முதுகில் கட்டி, பைக்கில் சிடோஅர்ஜோ போனார். பட்டறைக்கு வெளியே, ஒரு மரநிழல்கூட இல்லாத இடத்தில் தர்மாஜி தகடு ராவிக்கொண்டிருந்தார்.

"வாங்க பாக், லேப்டாப் டாக்டரா? பார்த்தீங்களா, என்னையும் என் மெஷினையும் நாடு கடத்திட்டாங்க!" என்று சிரித்தார்.

உள்ளே தகரக் கூரைக்குக் கீழே அனல். சர்வோனோ இரண்டு லேப்டாப்பையும் ஒரே பலகையில் வைத்து ஓட்டினார். முதலில் மெல்லிசுதான் முந்தியது. பத்தாவது நிமிஷத்தில் அது நாற்பத்து மூன்றுக்கு விழுந்தது. தடியன் எழுபத்தேழில் அசையாமல் நின்றான்.

"இன்னும் தூசி இருக்கோ?" என்றார் குஸ்தினி.

"தூசி அன்னைக்கே இல்ல இபு." ஏசி வாயைச் சொன்னார். தூண் பக்கத்து மேசையைச் சொன்னார். பாங்கைக் காரணம் காட்டி நிறுத்தியதையும் சொன்னார். "இதை வச்சுக்கோங்க. அதை நான் எடுத்துட்டுப் போறேன்."

குஸ்தினி தடியனைத் தொடக்கூட இல்லை.

"கமிட்டி போனது போகட்டும் பாக். ரெண்டு வாரமா அந்த மனுஷன் வெயில்ல நிக்கிறார். நான் அவரை என்னென்ன பேச்சுப் பேசினேன் தெரியுமா? என்கிட்ட சொல்லாதீங்க. அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க."

வெளியே போய்ச் சொன்னார். தர்மாஜி மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் திருப்பினார்.

"என்ன சொன்னீங்க, தூசி இல்லையா? இன்னொரு தடவை சொல்லுங்க. சத்தமா. உள்ள இருக்கிறவளுக்குக் கேக்கணும்."

"தூசி இல்ல! தப்பு என்னோடது!"

"கேட்டுச்சு, கேட்டுச்சு!" உள்ளேயிருந்து குரல் வந்தது. "காபி வேணுமா வேணாமா?"

தர்மாஜி வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு, ஒன்றும் நடக்காதது போல, "ஒரு கை பிடிங்க பாக்" என்று மெஷினைப் பட்டறைக்குள் கொண்டு போக ஒரு பக்கத்தைத் தூக்கினார். சர்வோனோ மறுபக்கத்தைப் பிடித்து அவருக்குப் பின்னால் நடந்தார். கண் முன்னே தர்மாஜியின் பிடரி. தோல் திட்டுத் திட்டாக உரிந்து, அடியில் சிவந்து கிடந்தது. சிரித்துப் பேசிய நேரமெல்லாம் அது சட்டைக் காலரில் உரசிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

பாதி வழியில் தெருக்கோடிப் பள்ளிவாசலிலிருந்து நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு எழுந்தது.

"தொழப் போகணுமா பாக்? இறக்கி வைங்க, நான் பார்த்துக்கிறேன்."

"இல்ல பாக்" என்றார் சர்வோனோ. "முதல்ல இதை நிழலுக்குக் கொண்டு போவோம்."