செவலை தின்ற டயர்

எங்கள் செவலைக் காளை டயர் தின்கிறது என்று முதலில் சொன்னவர் மாமா. அம்மாவுக்குத் தம்பி என்றாலும் வாய்ப்பேச்சில் ஊருக்கே அண்ணன். அவர் சொன்னதை அப்படியே நம்பி, செவலை அசைபோடும்போது அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். வைக்கோல்தான் இருந்தது.

அது இரண்டாம் உலகச் சண்டைக்காலம். பழைய மோட்டார் ஒன்றின் அச்சையும் சக்கரங்களையும் போட்டு அப்பா ஒரு டயர் வண்டி செய்திருந்தார். காமயகவுண்டன்பட்டியின் கட்டை வண்டிகளுக்கு நடுவே அது சத்தமில்லாமல் போவதில் எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம். பெரியாற்று ஏரியில் ஓடும் படகுகளைப் பழுதுபார்க்கக் கீழே கொண்டுவருவதும், ஆசாரி வேலை முடிந்ததும் குமுளி மலைப்பாதையில் திரும்ப ஏற்றுவதும் அந்த வண்டிதான். அதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அந்த வருஷம் இடது டயர் மட்டும் உள்பக்கமாகத் தேய்ந்து நூல் தெரிந்தது. வலது டயர் கொழுகொழுவென்று இருந்தது. புது டயரோ குதிரைக்கொம்பு. மாமா இடப்பக்கம் பூட்டும் செவலையைக் காட்டினார்.

"மச்சான், திமிலுக்குப் பின்னால இருக்க சுழியப் பாருங்க. இந்த மாடு வண்டிய அழிக்காம விடாது."

எங்கள் பக்கத்தில் மாட்டின் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் ராசி சொல்லும் மயிர்ச்சுழியைப் பார்ப்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் வந்து சுழியைத் தடவித் தடவித் தலையாட்டினார்கள். டயரை ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை. செவலையைத் தேனிச் சந்தைக்கு ஓட்டுவது என்று முடிவானது. சுழி மாட்டை உழவுக்கு யார் வாங்குவார்கள், கறிக்குத்தான் போகும் என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. கன்றாக இருந்தபோதே என் கையால் தவிடு தின்ற மாடு அது. ராத்திரி மாட்டுக் கொட்டத்தில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

சந்தைக்குப் புறப்படும் காலையில் அம்மா சாணத்தைக் கரைத்து, வண்டி நின்ற வாசல் முழுக்கத் தாராளமாகத் தெளித்தாள். "கோலம் போடணும், வண்டியக் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளுங்க" என்றாள். அப்பாவும் மாமாவும் தள்ளினார்கள்.

"இங்கேருங்க, இங்கன பாருங்க" என்று அம்மா தரையைக் காட்டினாள்.

ஈரத்தில் வலது சக்கரம் நேராகத் தடம் பதித்திருந்தது. இடது சக்கரம் பக்கவாட்டில் இழுபட்டுச் சாணத்தை வழித்துப் போட்டிருந்தது.

"செவல கொட்டத்துலல்ல நிக்குது? பெறகு டயரத் தேய்க்கிறது யாரு?" என்றாள் அம்மா.

அப்பா ஒரு கயிற்றை எடுத்து இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே பின்பக்கம் அளந்தார். அதே கயிறு முன்பக்கம் எட்டவில்லை. வண்டிக்கடியில் ஊர்ந்து போனார்.

"அச்சுல்ல வளைஞ்சு கெடக்கு! கல்லுல மோதாம இப்பிடி வளையாதே, மாப்ள?"

மாமா காதைச் சொறிந்தார். "மலப்பாதையில கல்லுக்கா பஞ்சம்? கம்பத்துப் பட்டறையில குடுத்து நிமித்துங்க" என்று அம்மா பேச்சை முடித்தாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய்ச் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சந்தோஷத்தில் இன்னொரு தரம் அழுதேன். அது என்னை மூக்கால் தள்ளிவிட்டு வைக்கோலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அப்பா காய்ச்சலில் கிடந்தபோது படகை மலையேற்றப் போனவர் மாமா. வழியில் சாலையோரக் கல்லில் வண்டியை மோதிவிட்டு, அதைத் தன் அக்காவிடம், அதாவது அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். எனக்குக் கல்யாணமான பிறகுதான் இது தெரியும். செவலை சந்தைக்குப் போகாமல் தப்பிய அன்று சாயங்காலம் எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமா ஊறவைத்த பருத்திக்கொட்டையைச் செவலைக்குத் தன் கையாலேயே அள்ளி அள்ளி வைத்ததுதான்.

"அப்பா, மாமாவுக்குச் செவல மேல எம்புட்டுப் பிரியம் பாருங்க" என்றேன்.

அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்காமல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.